கடல்மீனே வாழ்க

சென்னைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: புடவைக்கா, நகைக்கா? பாட்டு வாங்கி வரப் போகிறேன் என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. மலேசியாவிலிருந்து தி.நகருக்குப் போய்விட்டு வெறும் பாட்டோடு திரும்பிய பெண் இன்னும் பிறக்கவில்லை என்று பக்கத்து வீட்டு ராஜம் அடித்துச் சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாதா கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறவளும் நான்தான். கோயிலுக்கு நூறாவது ஆண்டு விழா வந்தது. மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் வருகிறார். அந்தக் கோயிலுக்கென்றே ஒரு பாட்டு உண்டு. மாதாவைக் கடலின் நட்சத்திரமே என்று அழைக்கும் மிகப் பழைய லத்தீன் பாடல் அது. ஆங்கிலக் குழு அதை ஆங்கிலத்தில் பாடும், சீனக் குழு சீனத்தில் பாடும். தமிழில் அது இல்லவே இல்லை. அதனால் தமிழ்க் குழு விழாவன்று ஆங்கிலக் குழுவோடு சேர்ந்து நின்றால் போதும் என்று எங்கள் ஃபாதர் முடிவு செய்துவிட்டார்.

“தமிழில் இருந்தால்?” என்று கேட்டேன்.

“நல்ல மெட்டோடு, எல்லாரும் பாடும்படி இருந்தால், தொடக்கப் பாடலே உங்களுடையது. நான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். சரிப்படவில்லை என்றால் ஆங்கிலக் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள், டீச்சர். விழா முடிந்த பிறகும் அப்படியே சேர்ந்து இருந்துவிடலாம்,” என்றார் ஆங்கிலத்தில். ஃபாதர் சீனர். லத்தீனை முறையாகப் படித்தவர். தமிழில் அவருக்கு ‘நன்றி’ ஒன்றுதான் தெரியும். அதையும் வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் குழுப் பெண்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஆங்கிலக் குழுவின் பின்வரிசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிற்பார்கள், மறு ஞாயிறு நிற்பார்கள், அதற்கடுத்த வாரம் துணி துவைக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அதோடு தமிழ்க் குழு முடிந்தது. நடக்க விடுவேனா? தமிழ் வார்த்தைகளை நானே எழுதினேன். பாட்டை லத்தீனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மெட்டுக்குத்தான் சென்னை. சில வருடங்களுக்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவோடு ஈப்போவுக்கு வந்து என் அண்ணன் வீட்டில் தங்கிய வயலின்காரர் வைத்தி சார் மயிலாப்பூரில் இருக்கிறார். சினிமாவுக்கு வாசிப்பவர். கர்நாடக சங்கீதமும் தெரியும், வெள்ளைக்காரர்களின் ஐந்து கோட்டு நொட்டேஷனும் படிப்பார். அவர் மெட்டமைத்து, அங்கேயே நாலு பேரைப் பாட வைத்து, ஒரு கேசட் எடுத்துக் கொடுத்துவிட்டால், என் பெண்கள் அதைக் கேட்டே பாடம் செய்துவிடுவார்கள்.

ஊருக்குப் பெயர் மாற்றியிருந்த புதிது. விமானத்தில் சென்னை என்றார்கள். விமான நிலையத்து வாசலில் ஆட்டோக்காரர், “மெட்ராசுக்குப் புச்சாம்மா?” என்றார். சென்னைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதற்கு, “அத்த இன்னும் யாரும் பாக்கலம்மா, போர்டுலதான் கீது,” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துவிட்டது.

மயிலாப்பூரில் கன்னியர் நடத்தும் ஒரு விருந்தினர் இல்லத்தில் தங்கினேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு கேரளத்துக் கன்னியர் என்னைப் பற்றியே மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். “மலேசியாக்காரி என்றதும் குட்டைப் பாவாடை போட்டு வருவாள் என்று பயந்தேன்,” என்றார் ஒருவர். “இவள் நம்மைவிட நீளமாகப் போட்டிருக்கிறாளே,” என்றார் மற்றவர். என்னோடு பள்ளியில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எழுந்திருக்கும்போது மலையாளத்திலேயே நன்றி சொன்னேன். ரசம் பாத்திரம் கவிழ்ந்தது.

காலையில் கோயில் குளத்துக்கு அருகில் இருந்த ஒரு மெஸ்ஸில் நுழைந்து, “பசியாற என்ன இருக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அதுதான் சொல். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எப்போம்மா சாப்ட்டீங்க கடைசியா?” என்று இரக்கத்தோடு கேட்டார். பட்டினி கிடந்து வந்தவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கேட்காமலே இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். சாம்பாரை இட்லி மேல் ஊற்றவில்லை, இட்லியை முழுக்காட்டினார். காப்பி வந்தது. எங்கள் ஊர்க் காப்பி பெரிய கண்ணாடிக் கோப்பையில் கறுப்பாகத் ததும்பும், குடித்து முடிக்க ஒரு வழக்கையே பேசி முடிக்கலாம். இங்கே டபராவில் நாலே மிடறு. ஆனால் அந்த நாலு மிடறுக்கு நான் இன்னொரு முறை விமானம் ஏறுவேன்.

வைத்தி சார் வீடு மாடவீதி ஒன்றில் மாடியில் இருந்தது. “வாங்கோ வாங்கோ, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? உங்க அண்ணா இன்னும் மாண்டலின் வாசிச்சிண்டு இருக்காரா?” என்று வரவேற்றார். அறுபதைத் தாண்டியவர். வெற்றிலைச் சிவப்போடு சிரிப்பு. உடனே காரியத்துக்கு வந்தோம்.

கொண்டுபோன கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். இந்தப் பாட்டுக்கு மேல்நாட்டில் மெட்டுப் போடாதவர்கள் குறைவு. வெனிஸ் நகரத்தில் ஒருவர் இரண்டு பாடகர் குழுக்களை எதிரெதிரே நிறுத்தி, ஒரு குழு விட்ட இடத்தில் இன்னொரு குழு பிடிக்கும்படி பிரம்மாண்டமாகச் செய்திருக்கிறார். நார்வேக்காரர் ஒருவர் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கி, மெல்ல மூச்சு விடுவதுபோல் செய்திருக்கிறார். கனடாவின் கடலோரத்தில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் இதைத் தங்கள் தேசிய கீதமாகவே வைத்திருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் மூத்தது துறவிகள் பாடும் மெட்டு. தாளம் இல்லை, அடுக்கு இல்லை, எல்லாரும் ஒரே குரலாகப் பாடுவது.

வெனிஸ்காரரைக் கேட்டு வைத்தி சார், “ஊர்வலம் மாதிரின்னா இருக்கு!” என்றார். நார்வேக்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டார். துறவிகளின் மெட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எடுத்த எடுப்புல சட்ஜத்துலேர்ந்து பஞ்சமத்துக்குத் தாவறான். டீச்சர், இது நம்ம கரஹரப்ரியான்னா! ஸ்வரமெல்லாம் அப்படியே இருக்கு.” வயலினை எடுத்து அதே வரியை வாசித்தார். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் லேசாக அசைத்து வாசித்தார். அசைந்த மாத்திரத்தில் துறவிகள் காணாமல் போய், மார்கழிக் கச்சேரி வந்துவிட்டது.

“சார், ஆடாம நேரா நிக்கணும்,” என்றேன்.

“கரஹரப்ரியாவை ஆடாம பாடச் சொல்றேளே. தயிர் சாதத்துல உப்பே போடாதேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“கொஞ்சம் போடுங்க. சாதம் தெரியணும்.”

அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வாசித்தபடியே பொருள் கேட்டார். சொன்னேன். ஏழு பத்தி, பத்திக்கு நாலு வரி, வரிக்கு ஆறே அசை. கடலின் நட்சத்திரமே, வானத்தின் வாசலே என்று கூப்பிட்டுத் தொடங்குகிறது. குருடருக்கு வெளிச்சம் கொடு, கட்டுண்டவரை அவிழ்த்து விடு, நீ தாய் என்று காட்டு, போகிற வழியைப் பத்திரமாக்கு என்று கேட்கிறது. நடுவில் ஒரு வார்த்தை விளையாட்டும் உண்டு. வானதூதர் மாதாவுக்குச் சொன்ன வாழ்த்து ‘ஆவே’. அதைத் திருப்பிப் போட்டால் ‘ஏவா’. முதல் பெண் கெடுத்ததை இந்தப் பெண் திருப்பிப் போட்டுச் சரிசெய்தாள் என்று கணக்கு.

“பிரமாதம். தமிழ்ல அந்த இடத்தை என்ன பண்ணினேள்?”

“வாழ்கவைத் திருப்பினா கழ்வாதான் சார் வருது. விட்டுட்டேன்.”

முதல் வரிதான் எனக்குப் பெருமை. ஆறு அசைக்குள் அடங்க வேண்டும். நட்சத்திரமே என்றால் வரி நிரம்பி வழிகிறது. விண்மீனே என்றாலும் ஒரு அசை நீளம். பழந்தமிழில் மீன் என்றாலே நட்சத்திரம்தானே? ‘விண்’ணைக் கழற்றிவிட்டு, ‘கடல்மீனே வாழ்க’ என்று எழுதியிருந்தேன். எண்ணிப் பாருங்கள், ஆறு. லத்தீனின் மேல் அச்சாக உட்காரும். வைத்தி சாருக்கும் மெட்டு உட்கார்ந்ததில்தான் கவனம் இருந்தது.

மறுநாள் பிற்பகல் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பத்துக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே ஜெபக் கூட்டங்களில் பாடும் பெண்கள் நாலு பேரை அவர் பிடித்து வைத்திருந்தார். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வயலின் வாசிக்கப் போனபோது பழக்கமாம். “சினிமா கோரஸ்காராளைப் போட்டா குரல் மெழுகு மாதிரி வழவழன்னு வரும். இவா காத்தை எதிர்த்துக் கூப்பிட்டுப் பழகினவா. உங்க தோட்டத்துப் பெண்களுக்கு இந்தக் குரல்தான் ஒத்துவரும்,” என்றார். சரியாகத்தான் யோசித்திருந்தார்.

படகுகளுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தோம். வைத்தி சார் வலைக் குவியலில் சாய்ந்து வயலினைச் சுருதி சேர்த்தார். “சாமி, கருவாட்டு வாசன தாங்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள்தான் அவர்களில் மூத்தவள். நெடிய உருவம், ஈரம் காயாத கைகள். அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்திருந்தாள். பெயர் கேட்டேன். ஸ்டெல்லா என்றாள். எனக்குப் புல்லரித்தது. லத்தீனில் நட்சத்திரம் என்றால் அதுதான். சொன்னேன். “அப்புடியா டீச்சர்? எங்க ஆயா எனுக்கு எதுக்கு வச்சிச்சோ, தெரியாது,” என்று சொல்லிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

மெட்டைப் பிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஸ்டெல்லா தாவியபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். நான் காற்றில் மிதந்தேன். இரண்டாம் முறை முதல் வரி பாடும்போது பின்னால் இருந்த ஒருத்தியின் தோள் குலுங்கியது. அடுத்தவளுக்கும் தொற்றியது. ஸ்டெல்லா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல டீச்சர்... மாதாவப் போய் மீனுன்றீங்களே, இன்னா மீனு? வஞ்சிரமா, சங்கராவா?”

அவ்வளவுதான். படகுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், “காரப்பொடியே வாழ்க!” என்று சின்ன மீன் ஒன்றின் பெயரில் குரல் கொடுத்தார். குப்பமே சிரித்தது. வைத்தி சாரின் வில் கீழே விழுந்தது. நெற்றி சுளித்தபடி நான் பாடம் நடத்தினேன். பழந்தமிழில் மீன் என்றால் நட்சத்திரம், மின்னுவதால் மீன், விண்மீன் என்று சொல்கிறோம் அல்லவா என்று விளக்கினேன். ஸ்டெல்லா மரியாதையாகக் கேட்டாள்.

“விண்மீனுன்னா வானத்துல கீதுன்னு தெரியும் டீச்சர். நீங்கோ கடல்மீனுன்னு சொல்லிக்கினு கீறீங்கோ. கடல்ல கீற மீனு மீனுதானே?”

இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே சிரித்ததில் ஒன்றும் இல்லை. இதே சிரிப்பு எங்கள் கோயிலில், ஆயருக்கு முன்னால் கிளம்பினால்? ஆங்கிலக் குழுவில் பாடும் நம் பிள்ளைகளே ‘மீன் பாட்டு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். என் பெண்கள் தலை கவிழ்ந்து பஸ் ஏறுவார்கள். மறுநாள் தி.நகரில் ஒலிப்பதிவு.

“வெள்ளின்னு வச்சிக்கோங்க டீச்சர்,” என்று ஸ்டெல்லாவே வழி சொன்னாள். “கடலுக்குப் போறவங்க வெள்ளியப் பாத்துக்கினுதான் போறாங்கோ.”

நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் வெள்ளி என்றால் காசு. ரிங்கிட்டுக்குத் தமிழ் அதுதான். கடல்வெள்ளியே வாழ்க என்று பாடினால், கடலைப் பார்த்துப் பணம் கேட்கிறோம் என்றாகிவிடும். அதைச் சொன்னேன். வைத்தி சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அதுவும் இந்த வருஷம் எங்க வெள்ளி கிடுகிடுன்னு விழுந்துக்கிட்டு இருக்கு சார். மாதாவை அதோட சேர்த்துக் கட்ட முடியாது,” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. மரியாள் என்ற பெயருக்கு முதலில் சொன்ன பொருள் ‘கடலின் துளி’ என்பார்கள். லத்தீனில் துளிக்கு ‘ஸ்டில்லா’. எப்போதோ ஏட்டைப் பார்த்து எழுதிய ஒருவர் ஓர் எழுத்தைப் பிசகாக எழுத, ‘ஸ்டெல்லா’ ஆகிவிட்டது. துளி நட்சத்திரமாகிவிட்டது. மாலுமிகளுக்கு அது பிடித்துப்போக, உலகமே நட்சத்திரம் என்று பாட ஆரம்பித்துவிட்டது.

“அப்ப நான் ஒருத்தன் தப்பா எழுதுனவளா?” என்றாள் ஸ்டெல்லா.

“அந்தத் தப்பாலதான் பாட்டே இத்தனை தூரம் வந்திருக்கு,” என்றேன். “கடல்துளியே வாழ்க. இனிமே அதான்.”

வைத்தி சார் விரல் விட்டுப் பார்த்தார். “மீனே நாலு மாத்திரை. துளியேயும் நாலு மாத்திரை. அசை ஒண்ணு கூடினாலும் மெட்டு அப்படியே உக்கார்றது.”

நாலு பேரும் மாற்றிப் பாடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா மட்டும் கிளம்பும்போது, “நீங்கோ சொன்னா சரிதான் டீச்சர். ஆனா எனுக்கு மீனு புட்ச்சி இருந்திச்சி. துளி கொஞ்சூண்டா கீது. அவ்ளோ பெரிய மாதா,” என்றாள். எனக்கு ஒரு சங்கரா மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கன்னியர் இல்லத்துச் சமையல்காரம்மா அதை மிளகு தடவி வறுத்தார். எங்கள் ஊரில் அசாம் என்கிற மலாய்க்காரர் புளி போட்டுக் குழம்பாக்கிவிடுவோம். மிளகில் வறுத்தது எனக்குப் புதிது. அன்று ரசத்தைக் கவிழ்த்த கன்னியர் இருவரும் இப்போது தமிழில் பேசினார்கள்.

மறுநாள் காலையில் மழை. எங்கள் ஊர் மழை தினமும் வந்து தன் வேலையை முடித்துப் போய்விடும். சென்னை மழை விருந்தாளி மாதிரி. வராமல் இருந்து, வந்தால் வீட்டையே புரட்டிப்போடும். வைத்தி சார் முன்பே போய்விட்டார். ஒரு ஆட்டோவில் நான், ஸ்டெல்லா, மற்ற மூன்று பேர். ஒருத்தி ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். தேனாம்பேட்டை சிக்னலில் வண்டி இரண்டு தடவை இருமி, நின்றேவிட்டது.

“தண்ணி பூந்துக்கிச்சி யக்கா. ரெண்டு நிமிசம் குந்துங்கோ,” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் பின்னால் போய்க் குனிந்தார். அவர் நிமிர்வதாகத் தெரியவில்லை. அண்ணா சாலை முழுவதும் ஹாரன். நேரம் போய்க்கொண்டிருந்தது. கையைப் பிசைந்துகொண்டிருப்பதற்குப் பாடலாம் என்று சொன்னேன். ஆட்டோவுக்குள்ளேயே ஒத்திகை தொடங்கியது. மழைத் தடுப்புச் சீலையை மீறிக் குரல் வெளியே போனது. பக்கத்துப் பஸ்ஸில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. போக்குவரத்துக் காவலர் குடையோடு ஓடி வந்தார்.

“யம்மா, கச்சேரியை சபாவுல வச்சிக்குங்க. இங்க பின்னால பஸ்ஸு நிக்குது பாரு.”

“நாங்கோ இன்னா சார் பண்றது? வண்டி நின்னுக்கினு கீது, வாய் சும்மா கீது,” என்றாள் ஸ்டெல்லா.

அவரே தள்ளினார். கூட அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் தள்ளினார்கள். கிளம்பிய வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, தள்ளிய மூவரையும் சேற்றால் குளிப்பாட்டிவிட்டுப் போனது. நன்றி சொல்லத் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஒலிப்பதிவுக் கூடம் தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். ஒலிப்பதிவாளர் போனில் தெலுங்கில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வைத்தி சார் அதை என் காதில் மொழிபெயர்த்தார்: “மாதா பாட்டு ஒண்ணு இருக்கு, லேட்டா வந்திருக்கா, சீக்கிரம் தள்ளி விட்டுடறேன், நீ நாதஸ்வரத்தைக் கொண்டுவான்னு சொல்றான்.” நாதஸ்வரக்காரர்கள் ஏற்கெனவே படிக்கட்டில் உட்கார்ந்து சீவாளியை ஈரமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை பாடும்போது ஒருத்தி தும்மினாள். இரண்டாம் தடவை கரண்ட் போனது. மூன்றாம் தடவை எல்லாம் சேர்ந்து வந்தது. வயலின் ஒரு கோடு மாதிரி கீழே போக, மேலே நாலு குரலும் ஒன்றாக நின்றன. கொஞ்சமாக உப்பு, சாதம் தெரிந்தது. என் பெண்களுக்கு வேண்டியது இதுதான் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏழு பத்தியும் முடிந்து, முதல் வரியைக் கடைசியாக இன்னொரு முறை பாடி முடிக்க வேண்டும். மற்ற மூவரும் மூச்சு வாங்கப் பின்வாங்க, ஸ்டெல்லா தனியாக எடுத்தாள்: கடல்மீனே வாழ்க.

பாடி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ டீச்சர், தன்னால வந்துச்சி!”

“இன்னொரு தடவை எடுங்க,” என்றேன். ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைக் காட்டினார். கதவு திறந்து ஒரு தவில் உள்ளே வந்தது. வைத்தி சார் என் பக்கம் திரும்பினார். “சுருதி சுத்தம். அந்த எடுப்பு இன்னொரு தரம் வராது டீச்சர். ஒரு வார்த்தைதானே, ஊருக்குப் போய் வாயால திருத்திக்கோங்கோ.”

அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு வரியில் ஸ்டெல்லாவின் குரல் அதுவரை இல்லாத விதமாக இருந்தது. தவறை நன்றாகத் தெரிந்துகொண்டேதான் கேசட்டை வாங்கிப் பையில் போட்டேன். கீழே இறங்கியதும் புடவைக் கடை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், நூறு புடவையைப் புரட்டிப்போட வைத்து, கடல் நிறத்தில் ஒன்றை எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். ராஜம் ஜெயித்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் கரும்பலகையில் பெரிதாக ‘துளியே’ என்று எழுதிப் போட்டேன். என் பெண்கள் கரும்பலகையைப் பார்க்கவில்லை. கேசட்டைக் கேட்டார்கள். ரப்பர் மரத்தடியிலும், பஸ்ஸிலும், குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் கேட்டார்கள். கேட்டபடியே பாடினார்கள். தொடக்கத்தில் துளியே, முடிவில் மீனே. திருத்தினேன். “சரிங்க டீச்சர்,” என்றார்கள். மறுபடியும் மீனே. “கேசட்டுல அந்தம்மா அப்படித்தானே பாடுறாங்க? அந்த இடம் நல்லா இருக்கு டீச்சர்,” என்றாள் ஒருத்தி. அவர்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

ஃபாதர் கேட்கும் நாள் வந்தது. காலி பெஞ்சுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாடத் தொடங்கியதும் தலையசைத்தார். மெட்டு அவருக்குப் பழக்கமானது. இரண்டாம் பத்தியில் கூடவே முணுமுணுத்தார். கடைசியில், நான் முந்தின நாள்கூட அடித்துச் சொல்லி வைத்திருந்தும், எல்லாரும் ஒரே குரலில் கடல்மீனே வாழ்க என்று முடித்தார்கள். ஃபாதருக்குத் தமிழ் தெரியாது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

“அழகாக இருக்கிறது,” என்றார். “முதல் வரியில் வரும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?”

“துளி, ஃபாதர். கடலின் துளி.”

அவர் முகம் மாறியது. “நட்சத்திரம் அல்லவா?”

ஏடு எழுதியவரின் கதையைச் சொன்னேன். பாதியில் கையைக் காட்டினார். “தெரியும் டீச்சர், நானும் படித்திருக்கிறேன். ஆனால் இத்தனை நூற்றாண்டாகக் கோயில்கள் பாடுவது நட்சத்திரத்தை. ஆங்கிலத்தில் நட்சத்திரம், சீனத்தில் நட்சத்திரம். தமிழில் மட்டும் துளி என்றால், தமிழர்கள் தப்பாகப் பாடுகிறார்கள் என்று ஆயர் நினைப்பார். வருத்தம்தான். நீங்கள் ஆங்கிலக் குழுவோடு...”

என் பெண்களுக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ‘ஆங்கிலக் குழு’ என்பது எல்லாருக்கும் புரிந்தது. முன்வரிசையில் நின்றவள் பாட்டுத் தாளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். அந்தத் தாள் மடியும் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

“ஃபாதர், கடைசி வரியைக் கவனித்தீர்களா?” என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது.

“ஆமாம். அங்கே சொல் வேறாக இருந்தது. அது என்ன?”

“மீன், ஃபாதர். பழந்தமிழில் நட்சத்திரம்.”

பின்வரிசையில் ஒருத்தி, “மீனா டீச்சர்?” என்று பேச்சை எடுத்தாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கினாள்.

ஃபாதர் எழுந்து நின்றார். “பிறகு ஏன் முதல் வரியில் அதைப் போடவில்லை? இரண்டு இடத்திலும் அதையே பாடுங்கள். தொடக்கப் பாடல் உங்களுடையது.” படியிறங்கப் போனவர் நின்று, “அந்தக் கடைசி வரியில் மட்டும் சரியான சொல்லைப் போட்டது யார்?” என்று கேட்டார்.

“ஸ்டெல்லா, ஃபாதர்.”

“அதைத்தானே டீச்சர் நானும் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்,” என்றார். “ஸ்டெல்லாதான் சரி.”